பிரேக் பெடல் தானாகக் கீழே இறங்கினால்…

போன ஐப்பசி மழைநாள் ஒன்றில் கிண்டிப் பக்கம் ஒரு சிக்னலில் நின்றிருந்தேன். லேசான சரிவு. பிரேக் மேல் கால் சும்மா இருந்தது, அழுத்தி மிதிக்கவில்லை. அப்போது பெடல் காலுக்கடியில் மெல்ல நழுவி இறங்குவது தெரிந்தது. காலை எடுத்து மறுபடி மிதித்தேன். மேலேயே நின்றது. நாலைந்து நொடியில் திரும்பவும் இறங்கத் தொடங்கி, வண்டி ஒரு முழம் முன்னால் ஊர்ந்தது. எனக்கு முன்னால் நின்ற ஸ்கூட்டரின் பின்சீட்டில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பிள்ளை. ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இத்தனைக்கும் மூன்று நாள் முன்புதான் அதே வண்டியின் பின்சக்கரப் பிரேக்கை ஒரு பட்டறையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கியிருந்தேன். பிரேக் வேலை பார்த்த கையோடு ஏன் இப்படி ஆகவேண்டும்? அதற்கு விடை தேடிப் போனபோது தெரிந்துகொண்டதை, கார் ஓட்டத் தெரியும், பானட்டைத் திறந்து பார்த்ததில்லை என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்கள் வண்டியில் இப்போது இந்தப் பழுது இருந்தால், பட்டறைவரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அல்லது வண்டியை ஏற்றிக்கொண்டு போகச் சொல்லுங்கள். ஓடும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால் வேகவேகமாக மிதித்து மிதித்து விடுங்கள், பெரும்பாலும் கொஞ்சம் பிடிப்பு திரும்பும். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை, அதன் பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் கம்பிவடத்தால் பின்சக்கரத்தைப் பிடிப்பது. அதற்கு ஆயில் தேவையில்லை. ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும்.

இது எந்தப் பழுது?

“பிரேக் சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் மெக்கானிக்குக்கு ஒன்றும் புரியாது. பெடலின் நடத்தையைச் சொல்ல வேண்டும். மிதித்தால் பஞ்சுபோல் அமுங்குகிறது என்றால் குழாய்க்குள் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், அடுத்தடுத்த மிதியில் மேலே வந்து அங்கேயே நிற்கிறது என்றால் பெரும்பாலும் பின்சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்கும், அதன் உட்சுவரை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூவுக்கும் இடைவெளி கூடிவிட்டது. கல்லாக இறுகி, எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்கச் சுணங்குகிறது என்றால் பூஸ்டரை, அதாவது என்ஜின் தரும் வெற்றிடத்தால் கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகத்தை, பார்க்க வேண்டும்.

நம்முடைய பழுது இவற்றிலிருந்து வேறு. மிதித்தவுடன் பெடல் நல்ல உயரத்தில் கெட்டியாக நிற்கிறது. அதே அழுத்தத்தில் காலை வைத்திருந்தால் மட்டும் இறங்கிக்கொண்டே போகிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஓடும்போது மிதிக்கிறோம், வண்டி நிற்கிறது, காலை எடுத்துவிடுகிறோம். சிக்னலில் கால் வைத்தபடி நிற்கும்போதுதான் இது தன்னைக் காட்டும்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். என்ஜின் அணைந்திருக்கும்போது பெடலை நாலைந்து முறை மிதித்து இறுக்கிவிட்டு, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். பூஸ்டர் உதவிக்கு வருவதுதான் அது, பழுது அல்ல. இதைப் பார்த்துப் பயந்துபோய், பெடல் மிதியை வாங்கி ஆயிலைக் குழாய்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை, அது நன்றாக இருந்தும் கழற்றிப் போட்டவர்கள் உண்டு.

அரைத் தேக்கரண்டிக் கணக்கு

மூடிய இடத்தில் உள்ள திரவத்தை ஒரு பக்கம் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் போய்ச் சேரும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் சொன்னார். கார் பிரேக்குக்கு அந்த விதி வந்து சேர்ந்தது வெகுகாலம் கழித்துத்தான். அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட் 1917இல் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921இல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்திலும் அதைப் பொருத்தி வந்தது.

ஒரு சின்னக் காரை வைத்துக் கணக்குப் போடுவோம். காலால் 20 கிலோ அழுத்துகிறீர்கள். பெடல் ஒரு நெம்புகோல். அது நாலு மடங்காக்கி 80 கிலோவாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனிடம் கொடுக்கிறது. பிஸ்டன் 20 மி.மீ. விட்டம் என்றால் அதன் பரப்பு 3 சதுர செ.மீட்டருக்குச் சற்று மேல். ஆக ஒவ்வொரு சதுர செ.மீட்டரிலும் சுமார் 25 கிலோ அழுத்தம். அதே அழுத்தம் குழாய் வழியே முன்சக்கரத்துக்குப் போய், கேலிப்பரில் (பிரேக் பேட்களைத் தட்டின் மேல் அழுத்தும் பாகம்) உள்ள 48 மி.மீ. விட்டப் பிஸ்டனின் 18 சதுர செ.மீ. முகத்தில் படும்போது சுமார் 450 கிலோ ஆகிவிடுகிறது. பூஸ்டரின் உதவியை இதில் நான் சேர்க்கவே இல்லை.

பலம் கூடும்போது தூரம் குறையும். பெடல் 4 செ.மீ. இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டன் 1 செ.மீ.தான் நகர்கிறது. அது தள்ளும் ஆயில் 3 மில்லிக்குச் சற்று அதிகம், அரைத் தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட. அதாவது, நீங்கள் மிதித்துக்கொண்டிருக்கும்போது ஒரு கரண்டிக்கும் குறைவான ஆயில் எங்காவது தப்பித்தால் போதும், பெடல் 4 செ.மீ. கீழே போய்விடும். இந்தக் கணக்கு புரிந்த பிறகுதான், “சொட்டுச் சொட்டாத்தானே ஒழுகுது” என்று சொல்வது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு உறைத்தது.

திரவம் அமுங்காது. ஆகவே கெட்டியாக நின்ற பெடல் இறங்குகிறது என்றால் ஆயில் எங்கோ போயிருக்கிறது. போக அதற்குப் பெரும்பாலும் இரண்டே வழி. ஒன்று, குழாய், ரப்பர் ஹோஸ், சக்கரம் என எங்காவது வெளியே ஒழுக வேண்டும். இல்லையென்றால் வந்த வழியே திரும்பி, பானட்டுக்கு அடியிலிருக்கும் ஆயில் டப்பாவுக்கே போக வேண்டும்.

இரண்டாவது வழி பலருக்கும் புதிதாக இருக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கைப்பம்பை நினைத்துப் பாருங்கள். உள்ளே கிண்ணம்போல ஒரு தோல் வாஷர். அது நன்றாக இருந்தால் கைப்பிடியை அழுத்தும்போது வாஷரின் விளிம்பு விரிந்து குழாயின் சுவரை ஒட்டிக்கொள்ளும், காற்று முன்னால்தான் போகும். வாஷர் காய்ந்து சுருங்கிவிட்டால் கைப்பிடி சுலபமாக இறங்கும், டியூபில் காற்று ஏறாது. காற்று வாஷரின் ஓரமாகப் பின்பக்கம் வந்துவிடுகிறது. மாஸ்டர் சிலிண்டருக்குள் இருப்பதும் அதே கிண்ண வாஷர்தான், தோலுக்குப் பதில் ரப்பர். அதன் உதடு தேய்ந்தாலோ கிழிந்தாலோ, சிலிண்டர் சுவரில் துருக்குழி விழுந்தாலோ, ஆயில் பின்பக்கம் நழுவி டப்பாவுக்குத் திரும்பும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

டப்பாவில் ஒரு பேனாக் கோடு

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆயில் குறைகிறதா, இல்லையா? இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் டப்பாவின் வெளிப்புறத்தைத் துடைத்து, ஆயில் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பிறகு என்ஜினை அணைத்துவிட்டு, பெடலை ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். இப்போது மிதமாக மிதித்து அரை நிமிடம் அப்படியே பிடியுங்கள். அடுத்து பலமாக மிதித்துப் பாருங்கள். என்ஜின் ஓடும்போதும் ஒருமுறை செய்யுங்கள்.

மிதமாகவும் பலமாகவும் இரண்டு முறை சொன்னதற்குக் காரணம் உண்டு. தேய்ந்த வாஷர் சிலசமயம் பலமாக மிதிக்கும்போது நன்றாகவே பிடிக்கும், ஏனென்றால் ஆயிலின் அழுத்தமே அதன் உதட்டைச் சுவரோடு சேர்த்து அழுத்திவிடுகிறது. லேசாகக் கால் வைக்கும்போது அந்த அழுத்தம் போதாது, ஓரமாக ஆயில் நழுவுகிறது. என் வண்டி சிக்னலில் மட்டும் இறங்கியது இதனால்தான். பட்டறையில் வண்டியை வாங்கியபோது அழுத்தி மிதித்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது, நம்பி ஓட்டி வந்துவிட்டேன்.

இருபது முப்பது தடவை மிதித்துப் பிடித்த பிறகு கோட்டைப் பாருங்கள். மட்டம் கோட்டுக்குக் கீழே போயிருந்தால் வெளியே ஒழுகுகிறது. கோட்டிலேயே நின்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மேல். பிரேக் பேட் தேயத் தேயவும் மட்டம் குறையும், ஆனால் அது மாதக்கணக்கில் நடப்பது, ஒரே நாளில் தெரியாது. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிய பிறகும் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால் பெரும்பாலான கார்களில் ஆயில் குறைந்துவிட்டது என்று பொருள். அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

மட்டம் குறைகிறது என்றால் ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும். நான்கு சக்கரத்தின் உட்பக்கச் சுவரையும் தடவிப் பாருங்கள். தண்ணீர் ஈரம் உலர்ந்துவிடும், பிரேக் ஆயில் வழுவழுப்பாக நிற்கும். முன்சக்கரத்தில் கேலிப்பர் பிஸ்டனின் ரப்பர் உறை, ஹோஸ் சேரும் இடம். பின்சக்கரத்தில் டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் (ஷூக்களைத் தள்ளும் சிறு சிலிண்டர்) இருபுற ரப்பர் தொப்பியை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே மெல்லிய ஈரப்பசை பரவாயில்லை, ஆயில் வழிந்தால் அந்தச் சிலிண்டர் போய்விட்டது. ஆயிலில் ஊறிய பிரேக் ஷூவைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடக் கூடாது. சூடேறும்போது உள்ளே ஊறியது வெளிவந்து, ஒரு சக்கரம் வழுக்க ஒரு சக்கரம் பிடிக்க, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே புது ஷூ போட வேண்டும். கடற்கரை ஊர் வண்டி என்றால் அடியில் ஓடும் இரும்புக் குழாயைத் துருவுக்காகப் பாருங்கள். வண்டிக்கு அடியில் போகும் வேலை என்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட்டுவிட்டுப் போங்கள்.

எங்கும் ஈரமில்லை, ஆனாலும் மட்டம் குறைகிறதா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். சிலிண்டரின் கடைசி வாஷரும் தேய்ந்திருந்தால் ஆயில் பின்பக்கமாகப் பூஸ்டரின் வயிற்றுக்குள் போய்ச் சேரும், தரையில் ஒரு சொட்டும் விழாது. அந்த இணைப்புக்குக் கீழே பூஸ்டரின் பெயிண்ட் உப்பி உரிந்திருப்பது நல்ல அடையாளம், ஏனென்றால் பிரேக் ஆயில் பெயிண்டை அரிக்கும். ஆயில் என்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகையாக வருவதும் உண்டு.

மட்டம் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டரைக் கையும்களவுமாகப் பிடிக்க ஒரு வழி. டப்பாவின் மூடியைத் திறந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் மெதுவாக மிதிக்கட்டும். மிதிக்கத் தொடங்கும்போது ஆயில் ஒருமுறை குமிழ்வது இயல்பு. பெடலைப் பிடித்திருக்கும்போதும் அடியிலிருந்து சுழித்துச் சுழித்து மேலே வந்தால் உள்ளே வாஷர் விடுகிறது. முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள், கண்ணில் தெறிக்கும்.

நல்ல மெக்கானிக் இதோடு நிற்காமல் உறுதிசெய்துகொள்வார். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சக்கரங்களுக்குப் போகும் குழாய்களைக் கழற்றி, அந்த ஓட்டைகளை அதே மரையுள்ள அடைப்பு போல்ட்டால் மூடி, உள்ளே காற்றில்லாமல் செய்துவிட்டு மிதிப்பார். இப்போது ஆயில் போக இடமே இல்லை. பெடல் கல்லாக நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது, பழுது அதற்குப் பின்னால். இப்போதும் இறங்கினால் குற்றவாளி அதுவே. பின்னால்தான் பழுது, ஆனால் எங்கும் ஒழுகவில்லை, ரப்பர் ஹோஸ்களை அதற்கென்றே உள்ள கிளாம்பால் மூடிப் பார்த்தாலும் இறங்குகிறது என்றால் மிச்சம், பலமாக மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பெட்டி. அதற்குள் அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வு முழுதாக மூடாமல் நிற்கலாம். இது அபூர்வம். விலையும் அதிகம் என்பதால் மற்ற எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வர வேண்டும்.

என் வண்டிக்கு என்ன ஆனது

பின்சக்கர வேலை முடிந்ததும் பட்டறையில் ஏர் எடுத்தார்கள். குழாய்க்குள் புகுந்த காற்றை, சக்கரத்திலுள்ள நிப்பிளைத் திறந்து ஆயிலோடு வெளியேற்றும் வேலை அது. ஒரு பையன் உள்ளே உட்கார்ந்து பெடலை முழுதாக, தரை தட்டும்வரை மிதித்துக்கொண்டிருந்தான். தவறு அங்கேதான் நடந்தது.

அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முதல் பாதியில்தான் போய்வரும். அந்தப் பகுதி தேய்ந்து தேய்ந்து பளபளப்பாக இருக்கும். வாஷர் தொடாத மறுபாதியில் வருடக்கணக்காக அழுக்கும் துருவும் படிந்திருக்கும். பெடலைத் தரைவரை மிதித்தால் வாஷரின் மெல்லிய உதடு அந்தச் சொரசொரப்பின்மேல் இழுபட்டுக் கிழிகிறது. பழைய வண்டிகளில் பிரேக் வேலை முடிந்த இரண்டு மூன்று நாளில் பெடல் இறங்கத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தவிர்ப்பது சுலபம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டு ஏர் எடுத்தால் போதும். இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். “தம்பி, பழைய சிலிண்டரை அது பழகின தூரத்துக்கு மேல ஓடவிடக் கூடாது” என்றார். அன்றே கழற்றிப் பார்த்தோம். வாஷரின் விளிம்பில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கிழிசல், அவ்வளவுதான்.

சரிசெய்வது

வாஷர் கிட் மட்டும் மாற்றலாமா, முழு மாஸ்டர் சிலிண்டரும் மாற்றலாமா? பழைய வார்ப்பிரும்புச் சிலிண்டர்களில் கிட் மாற்றுவது வழக்கம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் அலுமினியம். உள்சுவரில் ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும், அதைத் தேய்த்து மெருகேற்றினால் பூச்சு போய் இன்னும் சீக்கிரம் அரிக்கும். உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்து, துணியால் துடைத்து விரலால் தடவினால் சிறு குழியோ கோடோ தட்டினாலும் கிட் போடுவது வீண். நான் முழுதாகவே மாற்றினேன். பிரேக்கில் மிச்சம்பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவ விடாதீர்கள். பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். பேச்சில் பிரேக் ஆயில் என்கிறோமே தவிர அது எண்ணெய் வகையே அல்ல, கிளைக்கால் சார்ந்த திரவம். பிரேக்கின் ரப்பர் அந்தத் திரவத்துக்காகச் செய்தது. எண்ணெய் பட்டால் ஊதி உருக்குலையும். கழுவ வேண்டுமானால் புது பிரேக் ஆயிலாலேயே கழுவ வேண்டும். டப்பாவில் யாரோ தெரியாமல் என்ஜின் ஆயில் ஊற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால், சில சொட்டுகளை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் ஆயில் கரைந்துவிடும், எண்ணெய் மிதக்கும். மிதந்தால் ஒரு வாஷரை மாற்றித் தப்பிக்க முடியாது. வண்டியில் ஆயில் பட்ட எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும்.

புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே அதிலுள்ள காற்றை எடுத்துவிட வேண்டும். வைஸில் பிடித்து, வெளிவாய் இரண்டிலும் சிறு குழாய் மாட்டி, அவற்றின் மறுமுனையை டப்பாவின் ஆயிலுக்குள் முக்கி, மழுங்கிய குச்சியால் பிஸ்டனை மெதுவாகத் தள்ளித் தள்ளி விடுவார்கள். குமிழி வருவது நிற்கும்வரை செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் பிறகு சக்கரத்தில் எவ்வளவு எடுத்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும், புதுப் பாகத்தையே குறை சொல்லத் தோன்றும். குழாய் நட்டைக் கழற்ற அதற்கென்று உள்ள ஸ்பானர்தான் வேண்டும். சாதாரண ஸ்பானர் நட்டின் முனையை உருட்டிவிடும். பெயிண்டில் ஆயில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பொருத்திய பிறகு நான்கு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பதால் தூரமான இடது பின்சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். சில கார்களுக்கு வரிசை வேறு, கையேட்டைப் பாருங்கள். ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, ஆயில் வந்ததும் மூடி, அதன் பிறகே “விடு” என்று சொல்ல வேண்டும். நிப்பிள் திறந்திருக்கும்போது பெடலை விட்டால் வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும். நடுநடுவே டப்பாவை நிரப்பிக்கொண்டே இருங்கள், வெளிவந்த பழைய ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

ஆயில் புதியதாக, சீல் உடைக்காத டின்னிலிருந்து வர வேண்டும். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். டின்னில் டாட் (DOT) 3, டாட் 4 என்று தர எண் இருக்கும். டாட் 3 ஆயில் புதியதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் 3.7 சதவீதம் ஏறிவிட்டால் 140 டிகிரி தாங்கினாலே போதும் என்கிறது தரவரையறை. டாட் 4க்கு அந்த அளவுகள் 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால், ஈரம் ஏறிய ஆயில் சக்கரத்தருகே கொதித்து ஆவியாகிவிடும். ஆவி அமுங்கும், பெடல் திடீரென்று தரைக்குப் போகும். ஆறின பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் நிற்கும். மாஸ்டர் சிலிண்டரை மாற்றினாலும் இது தீராது. பழைய ஆயிலை முழுதாக மாற்றி, மலை ஏறும்போது போட்ட அதே கியரிலேயே இறங்கப் பழக வேண்டும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். ஈரத்தைக் குடித்த அதே ஆயில்தான் சிலிண்டர் சுவரில் துருக்குழி விழவும் காரணம்.

வேலை முடிந்ததும் முதலில் வண்டியை நகர்த்தாமலே பெடலை மிதமாகவும் பலமாகவும் அரை அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். பிறகு ஆளில்லாத இடத்தில் நடை வேகத்தில் ஓட்டி நாலைந்து முறை நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரமும் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள். பூஸ்டரிலிருந்து பிஸ்டனைத் தள்ளும் கம்பி சற்றே நீளமாக அமைந்துவிட்டாலும் பிரேக் முழுதாக விடாமல் உரசிச் சூடேறும். டப்பாவில் புது மட்டத்துக்கு ஒரு பேனாக் கோடு போட்டு, மறுநாள் காலை, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து எனப் பாருங்கள். என் வண்டியில் அந்தக் கோடு போட்டு இப்போது நாலு மாதம் ஆகிறது. நேற்றும் ஆயில் அதே கோட்டில்தான் நின்றது.